பலெர்மோ: ஒருநாள் பேக்கேஜில் அடங்காத ஊர்

பலெர்மோ துறைமுகத்தில் காலையில் கப்பல் வந்து நின்றதும் பேருந்துகள் வரிசை கட்டும். அரண்மனைச் சிற்றாலயம், பேராலயம், மலைமேல் மொன்ரெயாலே, ஒரு சந்தை, கையில் ரிகோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி நிரப்பிய கன்னோலி இனிப்பு ஒன்று. பொழுது சாய்வதற்குள் மறுபடி கப்பல். சிசிலித் தீவின் தலைநகரை நிறையப் பேர் இப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், இந்த ஒருநாள் பேக்கேஜுக்கு முட்டைதான். அவசரம் மட்டும் காரணமில்லை. இந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. சிற்றாலயத்துக்குக் கதவு திறக்கும் வேளை, மீன்கடைக்கு முற்பகல், ரிகோத்தாவுக்குக் குளிர்காலம். பேக்கேஜ் இவை அத்தனையையும் தப்பான வேளையில் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறது.

மூன்று முழு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். கடலோர ஊரான செஃபலூவையும் சேர்த்தால் நான்கு.

முதலில் பின்கதை, சுருக்கமாக. 831இல் அரபுப் படைகள் பலெர்மோவைப் பிடித்தன. 1072இல் அது நார்மன்கள் கைக்கு வந்தது. வடபிரான்சிலிருந்து கூலிப்படையாகத் தென் இத்தாலிக்கு இறங்கி, கடைசியில் நாடே பிடித்தவர்கள் இவர்கள். கணக்கெழுத அரபு எழுத்தர், சுவரில் வண்ணச் சில்லுகளாலான மொசைக் ஓவியம் பதிக்கக் கிரேக்கக் கைவினைஞர், மரக்கூரைக்கு முஸ்லிம் ஓவியர் என்று யாரிடம் எந்த வேலை தேறுமோ அவரிடம் அதை வாங்கினார்கள். 1130 கிறிஸ்துமஸ் நாளில் இரண்டாம் ரோஜர் மன்னனாக முடிசூடினான். அவன் பரம்பரையின் காலத்தில் எழுந்தவற்றில் ஒன்பதைத்தான் 2015இல் யுனெஸ்கோ ஒரே பட்டியலில் சேர்த்தது: ஏழு பலெர்மோவில், மற்றவை மொன்ரெயாலே, செஃபலூ பேராலயங்கள். வழிகாட்டிகள் இதைச் சமரச சன்மார்க்கம் என்று பாடுவார்கள். பாதிதான் உண்மை. ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் காலத்தில் சிசிலி முஸ்லிம்கள் இத்தாலியப் பெருநிலத்தில் உள்ள லுச்சேராவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கட்டடங்கள் நின்றன, கட்டியவர்களின் சந்ததிக்கு இடமில்லை.

காப்பெல்லா பலத்தீனா

நார்மன் அரண்மனைக்குள், முதல் மாடியில் இருக்கிறது இந்தச் சிற்றாலயம். 1140இல் அர்ப்பணிக்கப்பட்டது, குவிமாடத்தின் மொசைக் எழுத்து 1143 என்ற ஆண்டைத் தருகிறது. உள்ளே வந்தவர்கள் செய்கிற தவறு எப்போதும் ஒன்றே. தங்க மொசைக்கைப் பார்த்ததும் நேரே பீடத்துக்கு முன்னால் போய் அண்ணாந்து நிற்பார்கள், செல்பேசியை உயர்த்துவார்கள், பத்து நிமிடத்தில் வெளியே போய்விடுவார்கள். ஆலயத்திலேயே அரிய பொருள் அவர்கள் கடந்து வந்த நடுக்கூடத்தின் மரக்கூரை. மெல்லிய மரப் பலகைகளைத் தேன்கூட்டு மாடங்களாக அடுக்கிக் கட்டியது. நடுவில் எட்டுமுனை நட்சத்திரங்கள் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து. ஓரங்களில் மன்னனை வாழ்த்தும் கூஃபி என்னும் பழைய பாணி அரபு எழுத்துகள். மாடங்களின் சிறு முகப்புகளில் ஊத் என்னும் நரம்புக்கருவி வாசிப்பவர், கோப்பையும் கையுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தவர், ஆடும் பெண்கள், சதுரங்கப் பலகைக்கு இருபுறமும் இருவர். தேவாலயக் கூரையில் அரபு அரசவையின் கேளிக்கை முழுவதும் வரைந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இஸ்லாமிய ஓவியத்தில் இத்தனை பெரிய தொகுதி இன்று வேறெங்கும் தேடினால் கிடைப்பது அரிது.

வெறுங்கண்ணுக்கு இது பழுப்புநிறத் திட்டுகளாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறு இருகண்ணோக்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கூடத்தின் மையத்தில் நின்றால் மாடங்களின் அடிப்பக்கம் மட்டுமே தெரியும். ஓவியங்களில் பல, மாடங்களின் பக்கச்சுவர்களில் இருப்பதால் பக்கவாட்டு நடைக்குப் போய், தூண்களுக்கு இடையிலிருந்து எதிர்ப்பக்கக் கூரையைச் சாய்வாகப் பாருங்கள். முதல் பதினைந்து நிமிடத்தைக் கூரைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மொசைக்குக்குப் போகலாம். கதவு திறந்தவுடன் நுழைந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பேருந்துக் கூட்டம் வந்து சேர்ந்த பிறகு காதில் கருவி மாட்டிய குழுக்களுக்கு நடுவே அண்ணாந்து நிற்க இடமே கிடைக்காது.

எந்தக் கிழமை போவது என்பதிலும் ஒரு சிக்கல். இந்த அரண்மனைதான் இன்றும் சிசிலி மாநிலச் சட்டமன்றம். உறுப்பினர்கள் கூடும் செவ்வாய், புதன், வியாழனில் அரச அறைகளை வழக்கமாகத் திறப்பதில்லை. சிற்றாலயம் மட்டும் போதும் என்றால் அந்த நாட்களே நல்லது, கூட்டம் குறையும். ஆனால் சிறுத்தைகளும் மயில்களும் பேரீச்சை மரங்களும் எதிரெதிராக நிற்கும் ‘ரோஜர் அறை’ மொசைக் வேண்டும் என்றால் வெள்ளி, சனி, திங்கள். ஞாயிறு காலையில் பூசை நேரத்துக்குச் சிற்றாலயத்தை மூடுவார்கள். நுழைவுச்சீட்டில் பெரும்பாலும் ஏதாவது தற்காலிகக் கண்காட்சியையும் சேர்த்து விற்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். குறை சொல்ல இன்னொன்று உண்டு: கூரைக்கு விளக்கு போதவில்லை, தங்கத்துக்குத்தான் வெளிச்சமெல்லாம்.

வெளியே வரும்போது சுவரில் பதித்த ஒரு கல்லைத் தவறவிடாதீர்கள். 1142இல் ரோஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. கடிகாரம் போய்விட்டது, கல் நிற்கிறது. இதே அரண்மனைக் கோபுரத்தின் உச்சியிலிருந்த வானாய்வகத்திலிருந்துதான் ஜூசெப்பே பியாட்சி 1801 ஜனவரி 1 அன்று சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார்.

மற்ற கட்டடங்களில் எது தேறும்

பெல்லினி சதுக்கத்தில் மார்தொரானா, சான் கதால்தோ என்ற இரண்டு தேவாலயங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மார்தொரானாவைக் கட்டியவர் ரோஜரின் கடற்படைத் தலைவர், அந்தியோக்கியாவின் ஜார்ஜ், 1143 வாக்கில். உள்ளே ரோஜருக்குக் கிறிஸ்துவே முடிசூட்டும் மொசைக் இருக்கிறது. தலைக்கு மேல் அவன் பெயர் இலத்தீனில் அல்ல, கிரேக்க எழுத்தில். மன்னனின் முகச்சாயல் கிறிஸ்துவின் முகச்சாயலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அரசியல் விளம்பரம் அன்றைக்கும் நுட்பமாகத்தான் இருந்திருக்கிறது. 1184 கிறிஸ்துமஸின்போது இங்கே வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், இந்தக் கோயிலின் அழகில் சொக்கிப்போய் எழுதியிருக்கிறார். பின்னாளில் வந்தவர்கள் பழைய பீடப்பகுதியை இடித்துவிட்டு அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் புதிதாகக் கட்டியது மட்டும் மன்னிக்க முடியாத காரியம். இன்று இது இத்தாலிய-அல்பேனியக் கத்தோலிக்கர்களின் கோயில், வழிபாடு கிழக்கத்திய, அதாவது பைசாந்திய முறையில். திருமணம் நடந்தால் பார்வையாளருக்குக் கதவடைப்பு, சனிக்கிழமைகளில் இதற்குத் தயாராகப் போங்கள்.

சான் கதால்தோவின் மூன்று செங்குவிமாடங்களை வெளியிலிருந்து பார்த்தாலே முக்கால்வாசி பார்த்த மாதிரி. உள்ளே வெறுங்கல், ஐந்து நிமிடம் போதும். சான் ஜொவான்னி தெல்யி எரெமித்தியும் அப்படித்தான். ஆனால் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருப்பதாலும் தோட்டம் நன்றாக இருப்பதாலும் வெயில் நேரத்தில் ஒதுங்கலாம். ‘கடற்படைத் தலைவரின் பாலம்’ ஆற்றைத் திருப்பிவிட்டபின் தரையில் நிற்கிறது. அதற்கென்று தனியாகப் போகத் தேவையில்லை.

பேராலயத்தில் நுழைவதற்கு முன் தெற்கு வாயில் மண்டபத்தின் தூண்களைப் பாருங்கள். ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. பழைய கட்டடத்திலிருந்து எடுத்து நட்ட தூண். உட்புறம் பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது, ஏமாற்றம்தான். இரண்டாம் ரோஜர், இரண்டாம் ஃபிரெடெரிக் ஆகியோரின் செந்நிறப் போர்ஃபிரிக் கல்லறைகளுக்கு மட்டும் சீட்டு வாங்கலாம்.

எல்லாரும் விட்டுவிடுவது சீசா மாளிகை. நகர மையத்துக்கு மேற்கே, அரைமணி நடை. ரோஜரின் மகன் முதலாம் வில்லியம் 1165இல் தொடங்கி, அவன் மகன் இரண்டாம் வில்லியம் முடித்த கோடைக்கால மாளிகை. முகப்பு கடலைப் பார்த்தபடி இருக்கும். கடற்காற்று குளத்து நீரைத் தழுவிக் குளிர்ந்து, மூன்று வளைவுகள் வழியாக நீரூற்றுக் கூடத்துக்குள் வந்து மாடிகளுக்கு ஏறும்படி கட்டியிருக்கிறார்கள். இப்போது முன்னால் குளமும் இல்லை, பழைய தோட்டமும் இல்லை, அக்கம்பக்கம் சாதாரண அடுக்குமாடிகள். ஆனாலும் உள்ளே இருக்கும் ஒரு கல்லுக்காகவே போகலாம். ரோஜரின் பாதிரியாரான கிரிசாந்துஸ், தன் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்த கல்லறைப் பலகை. ஒரே சேதி நான்கு விதமாக: இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக்கணக்கிலேயே தேதியும் மாறுகிறது. இந்த ஊரின் பன்னிரண்டாம் நூற்றாண்டை விளக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

மொன்ரெயாலே

பலெர்மோவுக்குத் தென்மேற்கே எட்டு கிலோமீட்டர். இந்திபெந்தென்சா சதுக்கத்திலிருந்து 389 எண் பேருந்து. சீட்டைத் தபாக்கி எனப்படும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம் விழும். பேருந்து நேரத்துக்கு வரும் என்று நம்பி அடுத்த வேலையைத் திட்டமிடாதீர்கள்.

இரண்டாம் வில்லியம் 1174 வாக்கில் தொடங்கிய பேராலயம் இது. உட்சுவரில் ஆறாயிரம் சதுரமீட்டருக்கு மேல் மொசைக். கண்ணாடித் துண்டின் மேல் தங்கத்தகடு, அதன்மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம்; இப்படிச் செய்த சில்லுகளைச் சாந்தில் சற்றே கோணல்மாணலாகப் பதிப்பார்கள். சமமாகப் பதித்திருந்தால் ஒரே இடத்திலிருந்து மட்டும் பளிச்சிடும். கோணம் மாறியிருப்பதால்தான் நாம் நடக்க நடக்கச் சுவரே அசைவது போல ஒளி நகர்கிறது. நின்ற இடத்தில் படம் எடுப்பவருக்கு இது கிடைக்காது. மெதுவாக நடந்து பாருங்கள்.

பீடத்துக்குப் பின்னால், கீழ்வரிசைப் புனிதர்களில் கான்டர்பரியின் தாமஸ் பெக்கெட்டைத் தேடுங்கள். 1170இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் ஆட்களால் வெட்டப்பட்டவர், 1173இல் புனிதரானார். வில்லியம் மணந்தது அதே ஹென்றியின் மகள் ஜோனை. மாமனாரின் பாவத்தை மருமகன் கோயில் சுவரிலேயே ஏற்றிவைத்த கதை. பெக்கெட்டின் மிகப் பழைய உருவங்களில் இதுவும் ஒன்று.

பேராலயத்துக்கும் பக்கத்திலுள்ள மடத்து முற்றத்துக்கும் நிர்வாகம் வேறு, சீட்டு வேறு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று முற்றத்தை விட்டால் பாதி மொன்ரெயாலே போயிற்று. இரட்டை இரட்டையாக 228 தூண்கள். தலைப்புகளில் விவிலியக் காட்சி, வேட்டை, விலங்கு, கொடி என ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒரு தலைப்பில் வில்லியம் இந்தப் பேராலயத்தையே சிறிய மாதிரியாக ஏந்தி அன்னை மரியாளிடம் நீட்டுகிறான். மூலையில் பேரீச்சையின் அடிமரம் போலச் செதுக்கிய நீரூற்று. பேராலயத்தை மதிய வேளையில் சற்று நேரம் மூடுவார்கள்; முற்றம் ஞாயிறு, விடுமுறை நாட்களில் மதியத்தோடு மூடுவது வழக்கம். ஆகவே வாரநாள் காலையில் பேராலயம் முதலில், அடுத்து முற்றம். முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம்.

செஃபலூவுக்கு ரயிலில் ஒருமணி நேரத்துக்குள் போய்விடலாம். 1148இல் முடிந்த அதன் கிறிஸ்து மொசைக் மொன்ரெயாலேயினதைவிடப் பழையது; அரண்மனைச் சிற்றாலயத்தையும் சேர்த்து மூன்றிலும் முகபாவத்தில் சிறந்தது. அளவுக்கு மொன்ரெயாலே, முகத்துக்கு செஃபலூ.

நார்மன்களுக்குப் பின்

அபத்தெல்லிஸ் மாளிகை அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். 1950களில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அமைத்த கூடங்கள் அப்படியே இருக்கின்றன. எந்தப் பொருளை எந்தக் கோணத்தில், எந்த ஜன்னல் வெளிச்சத்தில் வைப்பது என்று இன்றைய அருங்காட்சியகங்கள் இங்கே வந்து கற்க வேண்டும். ‘மரணத்தின் வெற்றி’ சுவரோவியத்தை வெட்டி எடுத்தபோது விழுந்த நான்கு துண்டுகளின் தையல் கீழிருந்து தெரியும். மாடியில் ஏறி மேலிருந்தும் பாருங்கள். அந்தொனெல்லோ தா மெஸ்ஸினாவின் அன்னை மரியாள் 45 சென்டிமீட்டர் உயரம்தான். மரியாளுக்குக் கருவுறும் சேதி கொண்டுவரும் தேவதூதன் படத்தில் இல்லை. நாம் நிற்கும் இடத்தில்தான் அவன் நிற்க வேண்டும். நீட்டிய வலக்கை நம்மைத்தான் நிறுத்துகிறது.

ஜாக்கோமோ ஸெர்போத்தாவின் சுண்ணச் சிற்பங்களுக்கு சான்தா சீத்தா, சான் தொமேனிகோ ஜெபக்கூடங்கள். சுண்ணச்சாந்தின் மேல் சலவைக்கல் பொடி கலந்த பூச்சு கொடுத்து மெருகேற்றியதால்தான் அந்த வழவழப்பு. சான் தொமேனிகோவில் ஒரு தூணில் அவர் கையெழுத்தாக ஒரு பல்லி ஊர்கிறது. இங்கே பீடத்து ஓவியம் வான் டைக்கினுடையது. சான் லொரென்சோ ஜெபக்கூடத்தில் தொங்கும் கரவாஜோ ஓவியம், நகல்; அசல் 1969 அக்டோபரில் திருட்டுப் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

பாவைக்கூத்து பிடிக்கும் என்றால் பஸ்குவலீனோ அருங்காட்சியகம். பலெர்மோப் பாவைக்கு முழங்கால் மடியும், சிசிலியின் இன்னொரு நகரமான கத்தானியாவின் பாவை அதைவிட உயரம், கால் மடியாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஆட்டத்தின் வேகம் ஏன் மாறுகிறது என்பது புரியும்.

தீனி

பல்லரோ, கப்போ, வுச்சிரியா என்று மூன்று சந்தைப் பெயர்களைச் சொல்வார்கள். வுச்சிரியா பகலில் காலி, இரவில் மதுக்கடை. அதன் பழைய கோலத்தை ரெனாதோ குத்தூசோ 1974இல் வரைந்த ஓவியத்தில்தான் இனிப் பார்க்க முடியும். அது ஸ்தேரி மாளிகையில் இருக்கிறது. காய்கறியும் மீனும் பார்க்க பல்லரோ, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். பிற்பகலில் எஞ்சுவது சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட பொரியல் கடைகள். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை இருக்காது.

பனெல்லே முதலில். கொண்டைக்கடலை மாவுக் கூழை மெல்லியதாகப் பரப்பி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்தது. எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்து வைத்து, உப்பும் எலுமிச்சையும். நல்ல கடைக்கு அடையாளம்: கேட்ட பிறகு பொரிப்பது, எண்ணெய் தேன்நிறத்துக்கு மேல் கறுக்காமல் இருப்பது, துண்டின் கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர் தாண்டாதது. கனமாக வெட்டினால் உள்ளே மாவு வழவழக்கும். குவித்து வைத்ததைச் சூடேற்றிக் கொடுத்தால் தோல் மாதிரி இழுக்கும், அந்தக் கடையை விட்டு நகருங்கள்.

வீட்டில் செய்ய 250 கிராம் மாவுக்கு 750 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரைமணி வைத்து, மேலே மிதக்கும் நுரையை எடுத்துவிடுங்கள். நம் கடலை மாவு வேறு ரகக் கடலையின் பருப்பிலிருந்து வருவது, நைசானது, எளிதில் கட்டி தட்டும். சல்லடையில் வடிகட்டிவிடுவது நல்லது. நடுத்தரத் தீயில் கேழ்வரகுக் களி கிண்டுவது போலக் கைவிடாமல் பதினைந்து இருபது நிமிடம் கிண்ட, பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். பொடியாக நறுக்கிய பார்ஸ்லியைக் கலந்து உடனே எண்ணெய் தடவிய தட்டில் பரப்புங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் இறுகி, மேடுபள்ளமாகிவிடும். முழுக்க ஆறிய பிறகே வெட்டி, நன்றாகச் சூடான எண்ணெயில் பொரிக்க வேண்டும். சூடு குறைவாக இருந்தால் எண்ணெய் குடிக்கும்.

பானி கா மெவுசா இந்த ஊரின் அடையாளம். மாட்டு மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லியதாக அரிந்து, பன்றிக்கொழுப்பில் வதக்கி, மெத்தென்ற எள் ரொட்டியில் வைப்பார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் ‘பிரம்மச்சாரி’, ரிகோத்தாவும் துருவிய சீஸும் சேர்ந்தால் ‘கல்யாணமானவன்’. முதல்முறை சாப்பிடுபவருக்குக் கல்யாணமானவனே தோதானது. மண்ணீரலின் கசப்பை ரிகோத்தா அடக்கிவிடும். ரொட்டியில் வைக்கும் முன் கரண்டியில் கொழுப்பைப் பிழிந்து வடிக்கிறாரா என்று பாருங்கள். பிழியாவிட்டால் பாதியில் திகட்டும். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளின் மேல் சுற்றிக் கரியில் சுடும் ஸ்டிக்யோலா, சாயங்காலப் புகை எங்கே எழுகிறதோ அங்கே. அரஞ்சீனா பலெர்மோவில் உருண்டை, குங்குமப்பூச் சோற்றுக்குள் இறைச்சிக் குழம்பு. டிசம்பர் 13 புனித லூசியா நாளில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடாமல் ஊரே இதைத்தான் சாப்பிடும்.

சைவர்கள் கவனிக்க. பனெல்லேயும் உருளைக்கிழங்குப் பொரியல் கட்சீல்லியும் பொதுவாகப் பாதகமில்லை. எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஸ்ஃபின்ச்சோனே ரொட்டியில் நெத்திலி வகை உப்புமீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘வெண்ணெய்’ அரஞ்சீனாவில் பன்றித்தொடை இறைச்சி இருக்கும், பெயரை நம்பாதீர்கள். கன்னோலி ஓட்டில் பல கடைகளில் பன்றிக்கொழுப்பும் மர்சாலா ஒயினும் உண்டு. கப்போனாத்தாதான் சரியான துணை: கத்தரிக்காய், செலரி, பச்சை ஆலிவ், கேப்பர் மொக்கு, தக்காளி, வினிகர், சர்க்கரை. கத்தரிக்காயைத் தனியாகப் பொரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த உணவகங்களில் கூழாக வரும். முந்தைய நாள் செய்து ஆறியதே ருசி, சூடாகக் கொண்டுவந்து வைத்தால் சமையற்கட்டில் யாருக்கோ அவசரம் என்று அர்த்தம்.

பாஸ்தா தேடுபவர்கள் மத்தி மீன் போட்டதைக் கேளுங்கள். காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ, மேலே சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித்தூள். தழை கிடைக்கும் வசந்தத்தில்தான் இது முழு மணத்தோடு வரும். பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியாவில் கோதுமை நூலிழைகளைச் செய்து கப்பலேற்றி அனுப்பியதை, ரோஜரின் அவைப் புவியியலாளர் அல்-இத்ரீசி 1154இல் முடித்த நூலில் பதிந்திருக்கிறார். மார்க்கோ போலோ பாஸ்தா கொண்டுவந்தான் என்ற கதையை யாராவது எடுத்தால் இதைச் சொல்லலாம்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று சேரும் ‘கொப்பேர்த்தோ’. இன்னொன்று மீன்: பட்டியலில் எழுதியிருப்பது தட்டுக்கான விலை அல்ல, ‘எத்தோ’, அதாவது நூறு கிராமுக்கான விலை. சமைக்கும் முன் எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையில் மீன் வேண்டாம். இரவு எட்டுக்கு முன் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள்.

இனிப்புக்கு, பெல்லினி சதுக்கத்தின் சான்தா கத்தரீனா மடத்துக்குள் இருக்கும் கடை. ஊரிலிருந்த கன்னியர் மடங்களின் பழைய செய்முறைகளைத் திரட்டி விற்கிறார்கள். பாதாம் மாவில் பழம் போலவே செய்து வண்ணம் தீட்டும் மார்தொரானாப் பழங்கள், பக்கத்துக் கோயிலை ஒட்டியிருந்த மடத்தின் பெயரால் வழங்குபவை. பார்க்க அழகு, ஒன்றுக்கு மேல் இனிப்பு தாங்காது. கன்னோலியைக் கேட்ட பிறகே நிரப்பித் தருகிறார்கள். இது அலங்காரமல்ல. ரிகோத்தாவின் ஈரம் ஓட்டுக்குள் இறங்கினால் ஒருமணி நேரத்தில் நமுத்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் முன்பே நிரப்பி அடுக்கியதை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள். ஓட்டின் மேல் சிறு கொப்புளங்கள் இருக்க வேண்டும். மொழுமொழு என்றிருந்தால் மாவு சரியாகப் பிசையவில்லை. ரிகோத்தா செம்மறிப் பாலினது, இரவு முழுக்க வடிகட்டிச் சல்லடையில் தேய்த்தது. மணல்மணலாகத் தட்டுப்பட்டால் தேய்க்கவில்லை, தண்ணியாக ஒழுகினால் வடிகட்டவில்லை.

பெல்லெக்ரீனோ மலை

ஊரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக்கோயில் இங்கே. 1624இன் கொள்ளைநோயில் அவளுடைய எலும்புகள் இந்தக் குகையில் கிடைத்தன, ஊர் பிழைத்தது என்பது நம்பிக்கை. அதே ஆண்டு இங்கே மாட்டிக்கொண்ட வான் டைக் அவளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் கால்வாய்கள் பிடித்துக் கொண்டுபோகின்றன. கோயிலுக்குள் தமிழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள், கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும், இந்தப் புனிதையை நேர்ந்துகொண்டு மலையேறுகிறார்கள். நடந்து ஏற ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், கல் பாவிய பழைய பாதை, வெயிலுக்கு முன் தொடங்குங்கள். 812 எண் பேருந்தும் உண்டு. ஜூலை 14 இரவு ஊர்வலத்தில் நகரமே தெருவில் நிற்கும்; கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு செப்டம்பர் 4 மலையேற்றம் பரவாயில்லை.

எந்த மாதம் என்றால் மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை. ரிகோத்தா இன்னும் நன்றாயிருக்கும், பெருஞ்சீரகம் தழைத்திருக்கும், பாதி நாள் கூரையை அண்ணாந்து பார்த்தாலும் களைப்பு தெரியாது. ஆகஸ்டில்தான் விடுப்பு என்றால் கன்னோலியை மறந்துவிட்டு, காலை உணவுக்குப் பிரியோஷ் ரொட்டியோடு கிரானீத்தா என்னும் எலுமிச்சைப் பனிக்கூழ். ஆலயங்களைக் காலையில் முடித்து, மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை அறையில் படுத்துவிடுங்கள். ஊரும் அதைத்தான் செய்கிறது.